நான்கு நிமிடம் ஏசி இல்லை

ஷார்ஜா, ரோலா, ஆறாவது மாடி.
ஐந்து கட்டில்களுக்கு ஒரு ஜன்னல், ஒரு ஏசி.
என் பங்கு வாடகை அறுநூற்றைம்பது திர்ஹாம்.
அதில் ஒலிப்பதிவுக்கூடம் சேர்த்தி இல்லை.

மெட்டு வந்தது பார்மசி கவுண்டரில்.
இருமல் மருந்தை ஸ்கேனர் இரண்டு முறை படித்தது.
இரண்டாவது பீப் அரை சுரம் இறங்கியதாகத் தோன்றியது.
ஒரு எகிப்தியரை மீதிச் சில்லறைக்கு நிற்க வைத்துவிட்டு
பாத்ரூமுக்கு ஓடினேன்.
போனில் பதினொரு நொடி, வெறும் தத்தகாரம்:
தானன தான, தானன தானா.
பின்னணியில் யாரோ ஃப்ளஷ் இழுக்கிறார்கள்.

அதை மூன்று வாரம் கட்டிலில் படுத்து முனகி வளர்த்தேன்.
பல்லவி நின்றது. சரணம்
எங்கள் கம்பெனிச் சம்பளம் மாதிரி, வந்தபோது வந்தது.
முதல் சொல் மட்டும் முதலிலிருந்தே தெரியும்.
"போ."
முசாஃபாவில் இருக்கும் ஒருவனிடம்
நேரில் சொல்ல வராத சொல்.

மைக் பழசு, நூற்றிருபது திர்ஹாம்.
ஹேங்கரை வட்டமாக வளைத்து
கிழிந்த ஸ்டாக்கிங்ஸை அதில் இழுத்துக் கட்டி
மரிசெல் ஒரு காற்று வடிகட்டி செய்தாள்.
அலமாரியில் லிஸியின் நர்ஸ் கோட்டுகள்,
எல்லோருடைய ஜனவரிப் போர்வைகள்,
நடுவே என் தலை.

இது ஆகஸ்ட்.
"நாலே நிமிஷம்," என்றேன்.
நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.
லிஸி ரிமோட்டை எடுத்தாள். டிக்.

இந்த அறைக்கு மௌனம் உண்டு என்பதே
அன்றுதான் தெரிந்தது.
பாடினேன். திரும்பக் கேட்டால்
சுருதி படிப்படியாக வழுக்கி
கடைசி வரியில் அடுத்த வீட்டுக்குக் குடிபோயிருந்தது.
மறுபடி. மறுபடி.
சஞ்சிதா அட்டைப்பெட்டி மூடியால் விசிறிக்கொள்கிறாள்,
சத்தம் வராமல், மெதுவாக.
ஈரத்துண்டுக்குள்ளிருந்து மரிசெல்: "எலி, ஒன்ஸ் மோர்."
எழில் அவள் வாயில் எலிதான்.

நான்காவது டேக் கெட்டு, ஏசியைப் போட்டோம்.
அது எழுப்பிய அந்த "ம்ம்ம்",
அது என் ஷட்ஜம்.
மூன்று வாரமும் ஒரு பழுதான கம்ப்ரஸரைத்
தம்பூராவாக வைத்துப் பாடியிருக்கிறேன்.
அதைத் தனியாகப் பதிந்து
ஹெட்போனில் ஓடவிட்டேன்.
அறையில் ஏசி நின்றது, என் காதில் ஓடியது.

சுருதி நின்றது. இப்போது "போ" படுத்தியது.
ஸ்டாக்கிங்ஸையும் தாண்டி
ஒவ்வொரு "போ"வும் மைக்கில் வெடித்தது,
திரையில் சிவப்புச் சிவப்பாக.
ஒரு முழம் தள்ளி நின்றேன். கன்னத்தைத் திருப்பிப் பாடினேன்.
ஆறு மணிக்கு லிஸிக்கு டூட்டி.
ஒன்பதாவது டேக்கில் வாய் என்னைக் கேட்காமல்
"வா" என்றது.
மீட்டர் பச்சையிலேயே நின்றது.

இதற்கு வேறு காரணம் தேட வேண்டாம் என்று
மரிசெல்லிடம் சொல்லியிருக்கிறேன்.
இரண்டு உதடும் மூடித் திறந்தால் காற்று வெடிக்கும்.
பல் உதட்டில் பட்டால் வெடிக்காது.
ஆனால் மூன்றாம் வரியில் "மறந்துவிடு"
மாற்ற முடியாதபடி சந்தத்தில் உட்கார்ந்துவிட்டது.
ஆக, வா என்று கூப்பிட்டு
மறந்துவிடு என்கிறது பாட்டு.
"இப்பத்தான் உண்மையா இருக்கு,"
என்றாள் பதுளைக்காரி தயாளினி,
நகம் வெட்டிக்கொண்டே.

பிறகு ஒன்பது இரவு, காதில் ஒரே நான்கு நிமிடம்.
கடைசி, கடைசி இரண்டு, நிஜமாகவே கடைசி.
இரண்டாம் சரணத்துக்கு முன்
லிஸி "ஈசோயே" என்று பெருமூச்சு விடுவது கேட்கும்.
வெட்டினேன். வெட்டிய இடம் பள்ளமாகத் தெரிந்தது.
திரும்ப ஒட்டினேன்.
ஏசியின் முனகலையும் அடியில்
இருப்பது தெரியாத அளவுக்கு விட்டுவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம், போனை
எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி,
ஐந்து பேரும் கேட்டோம்.
அறையில் ஏசி ஓடியது, பாட்டுக்குள்ளும் ஓடியது.
பாட்டு எப்போது முடிந்தது என்று தெரியாமல்
அடுத்த சரணத்துக்காக
எல்லோரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.